உடையாத பெட்டி

கம்பெனி ஆபீசர் அந்த வயர்லெஸ் பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கி, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே துறைமுகத்துக் கருங்கல் தளத்தில் ஓங்கிப் போட்டார். பெட்டி ஒரு குதி குதித்துக் குப்புற விழுந்தது. அவர் அதை எடுத்துப் பொத்தானை அழுத்தி, "அலோ, அலோ" என்றார். பத்தடி தள்ளி நின்ற ஃபோர்மேன் இக்னேஷியஸ் கையிலிருந்த இன்னொரு பெட்டி அதே அலோவைக் கொஞ்சம் மூக்கடைப்போடு திருப்பிச் சொன்னது. அதோடு விட்டாரா என்றால் இல்லை. ஒரு சொம்பு உப்புத்தண்ணீரை அதன் தலையில் ஊற்றிக் காட்டினார். அப்போதும் பேசியது.

செங்கல் கனம், தடித்த தோலுறை, தோளில் மாட்டிக்கொள்ள வார், மேலே ஒரு கம்பி. பட்டாளத்துக்காகச் செய்த சாமானாம். வெயிலும் தூசியும் துருவும் அதை ஒன்றும் செய்யாதாம். "நீங்க உடைஞ்சாலும் இது உடையாதுப்பா" என்று ஆபீசர் தமாஷ் செய்தார். சம்பளம் கொடுக்கிறவர் செய்த தமாஷ் என்பதால் சரக்கு இறக்கும் கேங் முழுவதும் சிரித்தது. தாமோதரன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் அந்தப் பெட்டியைச் சாரைப்பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றான்.

அதற்குக் காரணம் இருந்தது. தாமோதரன் காசிமேட்டுக்காரன், அப்பன் பாட்டன் எல்லாம் கடலுக்குப் போனவர்கள். இவன் துறைமுகத்தில் சிக்னல்காரனாகச் சேர்ந்தான். கப்பலின் மேல்தளத்தில் கிடங்கு வாயோரம் நின்றுகொண்டு, உள்ளே சரக்கு எங்கே இருக்கிறது என்று பார்த்து, உயரே கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்திருக்கும் கிரேன் டிரைவருக்குக் கையால் சொல்வது அவன் வேலை. டிரைவருக்குக் கிடங்கின் உள்ளே எதுவும் தெரியாது. தூக்கு, இறக்கு, இடப்பக்கம் கொண்டு வா, நிறுத்து, எல்லாமே கைதான். சத்தத்தில் வாயால் சொன்னால் யாருக்கும் கேட்காது.

அந்த டிரைவர் லியோனார்ட். கல்மண்டபத்தில் வீடு, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயில், இஸ்திரி போட்ட சட்டை. தாமோதரனின் ஒரே தங்கை மங்கையின் புருஷன். இந்த இரண்டு பேரும் ஒன்பது வருஷமாக ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

கதை இதுதான். மங்கையைப் பெண் கேட்க லியோனார்ட் ஒருநாள் கடற்கரைக்கு வந்தான். தாமோதரன் வலையை உலர்த்திக்கொண்டிருந்தான். இஸ்திரிச் சட்டையைப் பார்த்ததுமே எதற்கு வருகிறான் என்று புரிந்துவிட்டது. அவன் வாயைத் திறப்பதற்குள் இவன் முதுகைத் திருப்பிக்கொண்டு படகுப் பக்கம் போய்விட்டான். லியோனார்ட் கொஞ்ச நேரம் மணலில் நின்றுவிட்டுத் திரும்பிப் போனான். அடுத்த வாரம் மங்கையும் போய்விட்டாள், மாதா கோயிலில் தாலி கட்டிக்கொண்டாள். தாமோதரன் கடலைப் பார்த்துக் கையடித்துச் சத்தியம் செய்தான்: வாயைத் திறந்து பெண் கேட்கத் துப்பில்லாமல் கூட்டிக்கொண்டு போனவன், அவனாக வந்து வாயைத் திறந்து கேட்கிறவரை அவனோடும் பேச்சில்லை, அவளோடும் பேச்சில்லை. லியோனார்டைக் கேட்டால், கேட்க வந்தவனுக்கு முதுகைக் காட்டியவனிடம் இன்னும் என்னத்தைக் கேட்பது என்பான். இரண்டு பேரும் சொன்னது உண்மை. அதுதான் தொல்லை. ஒருத்தன் பொய் சொல்லியிருந்தால் என்றைக்கோ தீர்ந்திருக்கும்.

இப்படிப்பட்ட இருவரையும் ஒரே கேங்கில் போட்டது விதியா கம்பெனியா தெரியவில்லை. ஆனால் வேலைக்கு ஒரு குறையும் வரவில்லை. வாயால் பேசத்தானே சத்தியம் தடுத்தது, கைக்கு என்ன? தாமோதரன் விரலை அசைத்தால் கொக்கி அசையும். உள்ளங்கையை விரித்தால் நிற்கும். அந்தத் துறையில் அவர்களைப் போல ஜோடி கிடையாது. அடித்துக்கொள்ளப் போகிறார்கள் என்று பயந்து இக்னேஷியஸ் ஒருதடவை பிரித்துப் போட்டார். அந்த வாரமே வேறு டிரைவர் கையில் கண்ணாடிப் பெட்டிகள் கிடங்குச் சுவரில் மோதி நொறுங்கின. மறுவாரம் பழையபடி சேர்த்துவிட்டார்.

சேர்ந்து வேலை செய்தார்களே தவிர சமாதானமாக இருந்தார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். தாமோதரன் மற்ற டிரைவர்களுக்கு வலதுகையால் சிக்னல் கொடுப்பான், லியோனார்டுக்கு மட்டும் இடதுகையால். எந்தக் கை எதற்கு என்று துறைமுகத்துக்கே தெரியும். லியோனார்ட் பதிலுக்கு அந்தப் பெரிய இரும்புக் கொக்கியைக் கொண்டுவந்து தாமோதரனின் தலைமயிர் காற்றில் ஆடும் உயரத்தில் நிறுத்துவான். ஒருநாளும் படவில்லை. படாமல் நிறுத்துவதுதான் அவன் வசவு.

ஒன்றே ஒன்றில் மட்டும் இரண்டு பேரும் விளையாடமாட்டார்கள். 'நிறுத்து' என்ற சிக்னலை மட்டும் யார் கொடுத்தாலும் கேட்டாக வேண்டும். மற்றதெல்லாம் சிக்னல்காரன் சொன்னால்தான், ஆனால் நிறுத்து என்றால் கூலி சொன்னாலும் நிறுத்து, குழந்தை சொன்னாலும் நிறுத்து, ஏன் என்று கேட்கக் கூடாது. ஒருதடவை துறையில் கூழ் விற்கிற கோவிந்தம்மா, பானையில் உட்கார வந்த காக்கையை விரட்ட, நிறுத்துகிற சிக்னல்போலவே கையை விரித்து உயர்த்தினாள். அந்தக் கணமே லியோனார்ட் அந்தரத்தில் லோடை நிறுத்திவிட்டான். தாமோதரனும் கையை இறக்கிவிட்டான். காக்கைதான் காரணம் என்று தெரிந்து கேங் சிரித்துச் சிரித்துப் புரண்டது. அவர்கள் இருவரும் சிரிக்கவும் இல்லை, கோவிந்தம்மாவைத் திட்டவும் இல்லை. நிறுத்தச் சொன்னாள், நிறுத்தினோம் என்று இருந்துவிட்டார்கள்.

இப்போது எண்ணூர் மின் நிலையத்துக்கு இயந்திரங்கள் வந்திருந்தன. ஒவ்வொரு பெட்டியும் ஒரு சின்ன வீட்டளவு. தளத்தில் நின்று பார்த்தால் கிடங்கின் மூலை முடுக்கு தெரியாது, அதனால் சிக்னல்காரன் இனிமேல் கீழே இறங்கி லோடு பக்கத்திலேயே நிற்க வேண்டும், வயர்லெஸ்ஸில் வாயால் சொல்ல வேண்டும் என்று ஆபீசர் உத்தரவு போட்டுவிட்டார். டிரைவருக்கு ஒரு பெட்டி, தாமோதரனுக்கு ஒன்று, ஃபோர்மேனுக்கு ஒன்று, பக்கத்துக் கிடங்கின் சிக்னல்காரர் ஷாகுல் ஹமீதுக்கு ஒன்று. ஒருவர் பேசினால் எல்லாப் பெட்டியும் பேசும். பொத்தானை அழுத்தியிருக்கிறவரை மற்றவர் பேச்சு அவருக்குக் கேட்காது. விட்டால்தான் கேட்கும்.

அதே வாரம்தான் மங்கையை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இதயத்தில் கோளாறு, சின்ன வயசிலேயே மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததன் மிச்சம் என்றார்கள். தாமோதரனின் மனைவி குணசுந்தரி அவனுக்குத் தெரியாமல் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். தெரியாமல் என்று அவள் நினைத்துக்கொண்டாள், அவனுக்குத் தெரியும். தினம் ஒருவேளை மீன்குழம்பு தூக்குவாளியில் எங்கே போகிறது என்று கண்டுபிடிக்கப் போலீஸா வேண்டும்? அவன் கேட்கவில்லை. கேட்டால் தடுக்க வேண்டியிருக்கும், தடுக்க அவனுக்கு மனசில்லை. இதைக்கூட அவன் யாரிடமும் ஒப்புக்கொள்ளமாட்டான்.

ஒருநாள் சாயங்காலம் சோறு போட்டுவிட்டு அவளாகவே ஆரம்பித்தாள்.

"மங்கை உன்னிய தேடிகினு கீதுய்யா. உங்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம். எங்கிட்ட சொல்லுன்னா சொல்ல மாட்டேங்குது. அண்ணங்கிட்டதான் சொல்லுவேன்னுது."

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே, கூட்டிக்கொண்டு போனவன் வந்து வாயைத் திறந்து கூப்பிடட்டும், போகிறேன் என்றான்.

"அவரு எப்படிக் கூப்புடுவாரு? நீ மூஞ்சிய காட்டினாத்தானே? அவரு கிட்ட வந்தா நீ முதுக காட்ற. முதுகுகிட்டயா பேசுவாங்க?"

பதில் இல்லாவிட்டால் தாமோதரனுக்குக் கோபம் வரும். தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போனான். இதற்குப் பெயர் ரோஷமாம்.

மறுநாள் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு கிடங்குக்குள் இறங்கினான். உள்ளே இரும்பு அடுப்புபோல் கொதித்தது. மேலே சதுரமாக ஒரு துண்டு வானம் தெரிந்தது, அதில் கொக்கி வந்து தொங்கியது. கேங் ஆட்கள் சுற்றி நின்றார்கள். அவன் 'இறக்கு' என்று சொல்ல வேண்டும். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை, ஆனால் கேட்கப்போவது லியோனார்டின் காது.

பொத்தானை அழுத்தினான். விட்டான். மேலே கூண்டில் இருந்த பெட்டியில் 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டிருக்கும். மறுபடி அழுத்தினான், விட்டான். கொக்கி அசையாமல் காத்திருந்தது. அவன் எரிச்சலோடு பொத்தானை இரண்டு தட்டுத் தட்டினான், டக் டக் என்று. கொக்கி மெதுவாக இறங்க ஆரம்பித்தது. ஆட்கள் தலைக்கு வந்ததும் பதறிப்போய் டக் டக் டக் என்று தட்டினான். கொக்கி நின்றது.

யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, யாரும் ஒப்பந்தம் போடவில்லை. ஒரு தட்டு என்றால் தூக்கு, இரண்டு தட்டு என்றால் இறக்கு, மூன்று தட்டு என்றால் நிறுத்து. பக்கவாட்டில் கொண்டுபோவதற்கு ஒரு நீள அழுத்தல். மத்தியானத்துக்குள் பாஷை தயாராகிவிட்டது. பேசுவதற்காக வாங்கிய பெட்டியைப் பேசாமல் இருப்பதற்கு உபயோகப்படுத்திய ஆட்கள் உலகத்திலேயே இந்த இரண்டு பேராகத்தான் இருக்கும். ஆபீசருக்கு விஷயம் தெரிந்து, இவ்வளவு விலை கொடுத்து வாங்கியது தந்தி அடிக்கவா என்று குதித்தார். இக்னேஷியஸ் அவரைத் தனியே கூட்டிக்கொண்டு போய், பக்கத்துக் கிடங்கிலிருந்து கரைக்கு இறங்கிய சரக்குக் கணக்கையும் இவர்கள் கணக்கையும் காட்டினார். இவர்கள் இறக்கியது அதிகம். ஆபீசர் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார்.

தாமோதரனுக்கு அந்த வாரம் நெஞ்சு நிமிர்ந்திருந்தது. சத்தியத்தையும் காப்பாற்றினோம், வேலையையும் காப்பாற்றினோம் என்று நினைத்துக்கொண்டான். லியோனார்டை இப்போது கண்ணால் பார்க்கக்கூட வேண்டியதில்லை, அதுவே பெரிய நிம்மதி. ஆஸ்பத்திரியில் கிடந்தவளை நினைக்காமல் இருக்க இந்தப் பெருமை அவனுக்கு வசதியாக இருந்தது.

வியாழக்கிழமை காலையில் ஒரு பெரிய இயந்திரப் பெட்டியைத் தூக்கினார்கள். ஒரு தட்டு. லோடு தரையை விட்டு எழும்பி ஆள் உயரத்துக்கு மேலே போய், கிடங்கின் நடுவில், திடீரென்று நின்றது. தாமோதரன் நிறுத்தச் சொல்லவில்லை. நிமிர்ந்து பார்த்தான். கம்பிவடம் கிறீச்சிட்டது. தோளில் கிடந்த பெட்டி கரகரத்தது. ஒன்பது வருஷமாகக் கேட்காத குரல் அதிலிருந்து வந்தது.

"மச்சான். நான்தான் லியோனார்ட் பேசறேன். பொட்டிய அணைக்காத, லோடு தொங்கிகினு கீது."

லோடு தொங்கும்போது சிக்னல்காரன் இடத்தை விட்டு நகரக் கூடாது, பெட்டியை அணைக்கவும் கூடாது. அது லியோனார்டுக்கும் தெரியும். முதுகைத் திருப்ப முடியாத ஒரே இடம் பார்த்துப் பிடித்திருக்கிறான். அவன் பொத்தானை விடுகிறவரை தாமோதரன் என்ன கத்தினாலும் அவனுக்குக் கேட்காது. அன்றைக்குக் கடற்கரையில் பேச விடாமல் போனவன், இன்றைக்குக் கிடங்கின் அடியில் நின்று முழுசாகக் கேட்டாக வேண்டும்.

"மங்கை உன்னிய கேட்டுகினே கீது மச்சான். டாக்டரு கைய விரிச்சிட்டாரு. உங்கிட்ட சொல்றதுக்கு மன்சுல இன்னாவோ வெச்சிகினு கீது, எங்கிட்டகூட சொல்ல மாட்டேங்குது. தப்பு எம்மேலன்னே வெச்சிக்கோ. நான் வாயத் தொறந்து கேக்கலன்னுதானே ஊரெல்லாம் சொல்லிகினு திரிஞ்சே? இப்ப கேக்கறேன். வா மச்சான். இன்னிக்கு சாயங்காலம் ஒரு தபா வந்துட்டுப் போ."

குரல் நின்றது. பொத்தானை விட்டுவிட்டான் என்று தெரிந்தது.

இதைத்தானே கேட்டான்? ஒன்பது வருஷமாக இதை மட்டும்தானே கேட்டான்? வாயைத் திறந்து கேட்கட்டும் என்றான், கேட்டுவிட்டான். சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வார்த்தைகூட வேண்டாம், ஒரு தட்டுத் தட்டியிருந்தால் போதும், லியோனார்ட் புரிந்துகொண்டிருப்பான். தாமோதரனின் கட்டைவிரல் பொத்தான் மேல்தான் இருந்தது.

ஆனால் அவன் நிமிர்ந்தபோது, கேங் ஆட்கள் அத்தனை பேரும் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இக்னேஷியஸ் தளத்து விளிம்பில் குனிந்து எட்டிப் பார்த்தார், அவர் பெட்டியிலும் கேட்டிருக்கிறது. அந்தப்பக்கக் கிடங்கில் ஷாகுல் ஹமீதும் அவர் ஆட்களும் கேட்டிருப்பார்கள். துறைமுகமே கேட்டிருக்கிறது, இவன் தங்கை சாகக் கிடப்பதையும், இவன் போய்ப் பார்க்காததையும். கெஞ்சினவன் பெரிய மனுஷன், கெஞ்ச வைத்தவன் கல்நெஞ்சன் என்று ஆகிவிட்டது. இதற்காகவேதான் எல்லோர் காதிலும் விழுகிறமாதிரி பேசினான் என்று தாமோதரனுக்குத் தோன்றியது. தோன்றிய மாத்திரத்தில் ரத்தம் மண்டைக்கு ஏறியது. விரல் அவனைக் கேட்கவில்லை.

டக் டக் டக்.

மூன்று தட்டு. நிறுத்து.

லியோனார்ட் பேச்சை நிறுத்திவிட்டான். பிறகு தாமோதரன் ஒரு தட்டுத் தட்டினான், லோடு மேலே போனது, வெளிச்சத்துக்குள் மறைந்தது. கொக்கி காலியானதும் அவன் தோளிலிருந்த பெட்டியைக் கழற்றிக் கிடங்கின் இரும்புச் சுவரில் ஓங்கி அடித்தான். அது சுவரில் மோதி, பலகைகள் மேல் உருண்டு, ஒரு மூலையில் போய்க் கிடந்தது. அங்கே கிடந்தபடியே ஷாகுல் ஹமீதின் குரலில், "இன்னா நைனா, அடுத்த லோடு ரெடியா?" என்று கேட்டது. ஒரு கீறல்கூட விழவில்லை. ஆபீசர் பொய் சொல்லவில்லை.

அன்று டீக்கடையில் ஆளாளுக்குப் பேசினார்கள். வயர்லெஸ்ஸில் சம்பந்தம் பேசின முதல் குடும்பம் இதுதான் என்றான் ஒருவன். ஷாகுல் ஹமீது வயசில் பெரியவர், அவர் மட்டும் தாமோதரனைத் தனியே கூப்பிட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். மற்றவர்கள் கேலி செய்யாமல் இருந்திருந்தால் அவர் பேச்சு உள்ளே இறங்கியிருக்கும். இப்போது இவர்கள் சொல்லியா போகணும் என்ற வீம்புதான் வந்தது. நாளைக்குப் போகலாம் என்று நினைத்தான். மறுநாள், அதற்கு மறுநாள் என்று நினைத்தான். லியோனார்ட் மறுநாளிலிருந்து வேலைக்கு வரவில்லை. கூண்டில் வேறு டிரைவர் ஏறினான். அவனுக்குத் தட்டுப் பாஷை தெரியாது. தாமோதரன் நாள் முழுக்க வாயால் தூக்கு, இறக்கு, நிறுத்து என்று கத்த வேண்டியிருந்தது. முன்பின் தெரியாத ஒருவனிடம் எவ்வளவு சுலபமாகப் பேச வருகிறது என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சட்டையை மாற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசல்வரை போனான். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். மங்கைக்குச் சின்ன வயசில் மீன்முள் தொண்டையில் சிக்கினால் இவன்தான் வாழைப்பழத்தை உருட்டிக் கொடுப்பான், அந்த நினைப்பில் வாங்கியது. வாசலில் லியோனார்ட் சுவரில் சாய்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தான். தாடி மண்டியிருந்தது, சட்டை கசங்கியிருந்தது. அவன் இஸ்திரி இல்லாத சட்டை போட்டு தாமோதரன் பார்த்ததே இல்லை. இன்னும் நாலடி எடுத்துவைத்தால் அவன் முகத்துக்கு நேரே நிற்க வேண்டும். தாமோதரன் எதிர்ப்பக்கப் பிளாட்பாரத்திலேயே கொஞ்ச நேரம் நின்றான். பிறகு திரும்பினான். இரண்டாந்தடவையும் அவனிடமிருந்து முதுகைத் திருப்பிக்கொண்டு போகிறோம் என்பது பாதி வழியில்தான் உறைத்தது. பழத்தைக் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டருகே ஒரு பிச்சைக்காரியிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தான்.

திங்கட்கிழமை மத்தியானம் இக்னேஷியஸ் கிடங்குக்குள் தானே இறங்கிவந்தார். அவர் இறங்கி வருகிற ஆளில்லை. தோளில் கை வைத்து, தாமோதரனை வீட்டுக்குப் போகச் சொன்னார்.

செத்துப்போன பெண்ணுக்குப் பிறந்த வீட்டுக் கோடிப்புடவை வர வேண்டும். அந்த வழக்கத்தை மாதா கோயில்காரர்களும் விடவில்லை. தாமோதரன் தண்டையார்பேட்டையில் ஒரு புடவை வாங்கி குணசுந்தரியிடம் கொடுத்தான். அவள்தான் கொண்டுபோய்ப் போட்டாள். இவன் கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே, சுவரோரம் நின்றான். உள்ளே ஜெபம் கேட்டது, மண் விழுகிற சத்தம் கேட்டது. உள்ளே வா என்று யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டுப் பார்த்தவர்கள் ஓய்ந்துபோயிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து தலைமுழுகிய பிறகு குணசுந்தரி அவன் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"கடைசி வரிக்கும் வாசப்பக்கமே பாத்துகினு இருந்துச்சு. நீ வர்லன்னு தெரிஞ்சதும் அவர கிட்ட கூப்பிட்டு, காதுல சொல்லிச்சு. அண்ணங்கிட்ட சொல்லிடுன்னு சொல்லிச்சு, அது மட்டும்தான் எனக்குக் கேட்டுச்சு. இன்னான்னு கேட்டேன். அவரு சொல்ல மாட்டேன்னுட்டாரு."

அன்றிலிருந்து தாமோதரனுக்கு வேறு நினைப்பில்லை. என்ன சொல்லியிருப்பாள்? திட்டியிருப்பாளா? திட்டினாலும் பரவாயில்லை, அது அவனுக்கென்று சொன்னது, அவனிடம் வந்து சேர வேண்டியது. அது இப்போது உலகத்தில் ஒரே ஒருவனிடம் இருந்தது. சத்தியம் என்ன பெரிய சத்தியம் என்று முதல்தடவையாக நினைத்தான். கடலுக்கென்ன, அதற்கு இவன் கையடித்ததா ஞாபகம் இருக்கப்போகிறது? தங்கையைச் சாகக் கொடுத்த பிறகுதான் இந்தப் புத்தி வரவேண்டுமா என்று தன்னைத்தானே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றியது. அழவும் அழுதான்.

காரியமெல்லாம் முடிந்து லியோனார்ட் வேலைக்குத் திரும்பினான். இஸ்திரிச் சட்டை, கையில் கறுப்புத் துணிப் பட்டை. தாமோதரனைத் தாண்டித்தான் கிரேன் ஏணிக்குப் போக வேண்டும். தாமோதரன் அன்றைக்கு முதுகைத் திருப்பவில்லை. நேராக முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றான், வாயைத் திறக்கவும் பார்த்தான். லியோனார்ட் ஒரு கம்பத்தைச் சுற்றிக்கொண்டு போவதுபோல் அவனைச் சுற்றிக்கொண்டு போய் ஏணியில் ஏறினான். இந்தத்தடவை முதுகு அவனுடையது.

கிடங்குக்குள் பழைய பாஷை பழையபடி நடந்தது. ஒரு தட்டு, தூக்கினான். இரண்டு தட்டு, இறக்கினான். ஒரு பிசகும் இல்லை. கொக்கி தாமோதரனின் தலைமயிர் அருகே இப்போது வரவில்லை, தள்ளியே நின்றது. அந்த வசவுகூட இல்லாமல் போனதுதான் அவனுக்கு அதிகமாக வலித்தது.

கடைசி இயந்திரப் பெட்டி, எல்லாவற்றிலும் பெரியது, இடம் மாற்றி வைக்க வேண்டியிருந்தது. ஒரு தட்டுத் தட்டினான். அது எழும்பி நடுவுக்கு வந்தது. மூன்று தட்டு. நின்றது. லோடு தொங்கும்போது டிரைவரும் கூண்டை விட்டு நகரக் கூடாது, பெட்டியை அணைக்கவும் கூடாது. லியோனார்டிடம் கற்றுக்கொண்ட வித்தைதான். கேங் ஆட்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். இக்னேஷியஸ் தளத்திலிருந்து எட்டிப் பார்த்தார். யார் பார்த்தாலும் பரவாயில்லை, யார் கேட்டாலும் பரவாயில்லை என்று தாமோதரன் பெட்டியை வாய்க்கு நேரே தூக்கிப் பொத்தானை அழுத்தினான்.

"மாப்ளே."

அந்த வார்த்தை வந்துவிட்ட பிறகு மற்றது தானாக வந்தது.

"மாப்ளே, நான் வந்திருக்கணும். வர்ல. என்னிய இன்னா வேணா சொல்லு, வாங்கிக்கிறேன். மங்கை எனக்கு இன்னாவோ சொல்லி அனுப்பிச்சாமே. அது எனக்குன்னு சொன்னது மாப்ளே. அத்த மட்டும் சொல்லிடு."

பொத்தானை விட்டான். பெட்டியைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். மேலே கம்பிவடம் லேசாக முனகியது. கூண்டுக்குள் அந்த மனிதன் என்ன செய்கிறான் என்று கீழிருந்து தெரியவில்லை. பெட்டி கரகரத்தது. யாரோ பொத்தானை அழுத்துகிற சத்தம். தாமோதரன் கண்ணை மூடிக்கொண்டான்.

டக் டக் டக்.

மறுபடி கேட்கலாம் என்று வாய் திறந்தது, விரலும் பொத்தானுக்குப் போனது. ஆனால் நிறுத்து என்றால் யார் சொன்னாலும் நிறுத்த வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது. பிழைப்பு முழுவதும் அவன் ஒருதடவைகூட அதை மீறியதில்லை. அவன் நிறுத்திக்கொண்டான்.

ஆட்கள் தலைக்குமேலே லோடு காத்திருந்தது. அவன் இரண்டு தட்டுத் தட்டினான். பெட்டி மெதுவாக இறங்கி, எந்தப் பக்கமும் உரசாமல், காட்டிய இடத்தில் போய் உட்கார்ந்தது.